குளோசிங் டேட் நானா

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் அந்தக் குரல் வந்து காதைப் பிடித்துக்கொள்ளும்.

"தாதிப் பயிற்சி, வெள்ளிக்கெழம குளோசிங்! வெள்ளிக்கெழம குளோசிங்!"

ஊருக்குப் புதியவர்கள் ஏதோ கடையை மூடப்போகிறார்கள், சாமான் மலிவாகக் கிடைக்கும் என்று எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே ஒரு போட்டோ கொப்பி மெசின், கால் ஆடும் மேசையில் ஒரு கொம்பியூட்டர், லெமினேட் பண்ணுகிற பெட்டி, அவற்றுக்கு நடுவில் வெள்ளைத் தொப்பியும் மடித்துவிட்ட சட்டைக் கையுமாக நானா. அவர் கூவிக்கொண்டிருந்தது வர்த்தமானியில், அதாவது அரசாங்க கெசட்டில், வந்த விண்ணப்ப அறிவித்தலை. அதைப் போய் ஒரு மனுஷன் மீன் விற்கிற மாதிரிக் கூவுவாரா என்று கேட்டால், கூவுவார். அவர் அப்படித்தான்.

கடைப் பலகையில் 'கொமினிகேஷன்' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. ஊர் அவருக்கு வைத்த பெயர் குளோசிங் டேட் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இதைத் தேடிப் பிடித்து வாசித்துவிட்டு, கடைசி வரியில் ஏன் முடிவுத் திகதி போடவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருவார்.

அரசாங்கத்தில் எங்கே ஆள் எடுக்கிறார்கள், எங்கே பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள், அத்தனையும் அவர் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். முடிவுத் திகதியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். ஒரு வாரம் மிச்சம் என்றால் இரண்டு வட்டம். கடைசி நாளன்று மூன்று. திகதி தாண்டிய தாளைக் கிழிக்கும்போது பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர் மாதிரி முகத்தை வைத்திருப்பார். அன்றைக்கு அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

ஒருமுறை கைக்குழந்தையோடு ஒரு பெண் அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வந்தாள். எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நானா விடவில்லை. "எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சீங்க? ஓ எல் பாஸா? அப்ப முன்பள்ளி டீச்சர் பயிற்சி ஈக்கி, நாளைக்குக் குளோசிங், போட்டு வைங்க." அவள் வேண்டாம் என்றாள், வீட்டில் ஏசுவார்கள் என்றாள், குழந்தை அழுகிறது என்றாள். குழந்தையை வாங்கி, கொம்பியூட்டரில் உட்கார்ந்திருந்த என் மடியில் வைத்துவிட்டுப் பேனாவை அவள் கையில் கொடுத்தார். "போட்டு வைங்க. போட்டா கை முறிஞ்சிருமா?" குழந்தை என் பாவாடையை நனைத்து முடிப்பதற்குள் விண்ணப்பம் உறைக்குள் போயிருந்தது. அந்தப் பெண் இன்றைக்கும் டிக்கோயாப் பக்கம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள்.

இன்னொரு நாள் ஒரு பெண்பிள்ளை கையெழுத்துப் போட மறந்து, படிவத்தைக் கடையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள். பஸ் நகர்ந்துவிட்டது. நானா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, மிதிபலகையில் தொற்றி, டிக்கோயாவரை நின்றுகொண்டே போய்க் கையெழுத்தை வாங்கிக்கொண்டு நடந்து திரும்பினார். கடை ஒன்றரை மணி நேரம் அப்படியே திறந்து கிடந்தது. கொப்பி எடுக்க வந்தவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு அவரைக் கண்டால் முதலில் எரிச்சல்தான் வரும். நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறவள், நாலாம் வருடம் என்ற திமிர் வேறு. இந்த மனுஷனுக்கு வேறு வேலையில்லையா என்று மனதுக்குள் ஏசிக்கொண்டேதான் கடைக்குள் போவேன். போகாமல் இருக்கவும் முடியாது. பெற்றோலுக்கு ஊரெல்லாம் வரிசையில் நின்ற வருடம் அது. பல்கலைக்கழகத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பாடங்கள் இணையத்தில் வரும், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் வராது. போதாததற்கு என் போனைத் துணி அலசுகிற பீலித் தண்ணீருக்குள் போட்டுவிட்டேன். ஆகவே வாரத்துக்கு இரண்டு நாள், பாதி வழி நடந்தும் பாதி வழி கிடைத்த வாகனத்திலுமாக ஹட்டனுக்கு வந்து நானாவின் கொம்பியூட்டரில் உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் எங்கள் விரிவுரையாளர் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொன்னார். நொன்லீனியர் சயன்ஸ், பிரயோக கணிதம் என்று அந்தத் துறைகளில் உலகத்தில் எங்கே மாநாடு, எங்கே கோடைகாலப் பள்ளி, எந்தப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் படிப்புக்கு இடம் என்று எல்லாவற்றையும் தொகுத்து வாரம் ஒருமுறை மின்னஞ்சலில் அனுப்புவார்களாம். பெயரைப் பதிந்தால் போதும். போன் இல்லாத நான் நானாவின் கடை மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்தேன்.

"எனக்குக் கடிதம் வரும் நானா. வந்தா பிரிண்ட் எடுத்து வைங்க."

"குளோசிங் டேட் எல்லாம் ஈக்குமா?"

"அதுல அது மட்டும்தான் நானா இருக்கும்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாண வீட்டுக்கு அழைப்பு வந்த மாதிரி.

எனக்கு அந்தக் கடிதம் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. வீடு என்பது லயத்தில், லைன் என்றும் சொல்கிற தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு காம்பரா; வருமானம் அம்மா கொழுந்து பறித்துக் கொண்டுவரும் ஒற்றைச் சம்பளம். கொழும்பில் மாமாவுக்குத் தெரிந்த துணிக்கடையில், தீபாவளி வியாபாரத்துக்கு ஆள் எடுக்கும்போது என்னையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி அம்மா பேசி முடித்திருந்தாள். போகிறவள் திரும்பிப் படிக்க வருவது எங்கள் தோட்டத்தில் இதுவரை நடக்கவில்லை. அதற்கு முன்னால் எங்கிருந்தாவது ஒரு கதவு திறந்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் நான் எழுதிக்கொண்டிருந்த ஆய்வு, தேயிலைக் கிளையில் துளை போடுகிற வண்டு எப்படித் திடீரென்று பெருகுகிறது, எப்படித் திடீரென்று குறைகிறது என்ற கணக்கு, அந்த நோட்டோடு முடிந்துபோகும்.

வாரம் ஒன்று போனது. "நானா, கடிதம்?"

"ஒண்டும் வரல்ல புள்ள."

இரண்டாவது வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரமும். வரவில்லை என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் மேலே ஓடாத காற்றாடியைப் பார்த்தார். எல்லாருக்கும் எல்லாவற்றையும் கத்திச் சொல்கிற மனுஷனுக்கு இதில் என்ன ஒளிவு மறைவு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதிந்தது சரியாக விழவில்லை போல என்று நினைத்து இன்னொரு தடவையும் பதிந்தேன்.

ஐந்தாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. திகதி ஒன்று. நானா ஜும்மாவுக்குப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கொப்பி எடுக்க ஒரு ஆள் வந்தார், மெசினில் தாள் முடிந்துவிட்டது. தாள் தேடிக் கீழ் இழுப்பறையைத் திறந்தேன்.

உள்ளே நாலு கட்டு. நாலு வாரக் கடிதமும் பிரிண்ட் எடுத்து, மூலையில் பின் அடித்து, மேலே என் பெயரைச் சிவப்புப் பேனாவால் எழுதி அழகாக வைத்திருக்கிறது. புரட்டிப் பார்த்தால் ஒவ்வொரு முடிவுத் திகதியையும் சுற்றி வட்டம்! மறைத்து வைத்த தாளிலும் வட்டம் போடாமல் அந்த மனுஷனால் இருக்க முடியவில்லை.

இழுப்பறைக்கு முன்னாலேயே உட்கார்ந்து வாசித்தேன். ஒன்று முடிந்துவிட்டது. இன்னொன்று முடிந்துவிட்டது. கடைசிக் கட்டில், போர்த்துக்கல் நாட்டில் கடற்கரைப் பட்டணம் ஒன்றில் இரண்டு வாரப் பள்ளி. உயிரினங்களின் பெருக்கமும் கேயோஸும் என்று தலைப்பு. எங்களைப் போன்ற நாட்டு மாணவர்களுக்குப் பயணச் சீட்டும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. நன்றாகச் செய்கிறவர்களுக்கு அங்கேயே மேற்படிப்புக்கு வழி உண்டு. என் வண்டைத் தேடி யாரோ கடிதம் போட்ட மாதிரி இருந்தது. வட்டத்துக்குள் பார்த்தேன். முப்பது. நேற்று.

நானா திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது என்னா நானா? ஒண்டும் வரல்லன்னீங்களே!"

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "வந்திச்சி புள்ள. ஒங்களுக்குக் காட்ட மனசு வரல்ல."

"ஏன்? எனக்கு வந்தத மறைக்க நீங்க யாரு?"

"ஏசாதீங்க. தலைப்பப் பாருங்க." பேனாவை எடுத்து ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டினார். "நொன். சரியா? பொறகு எல், ஐ, என், ஈ. லைன்தானே? நொன் லைன். லைன் ஆக்கள் போட ஏலாது எண்டு தலைப்புலயே போட்டீக்கி. மத்த எல்லாருக்கும் வாய்ப்பு, லயத்துப் புள்ளைகளுக்கு இல்ல எண்டு. இத ஒங்கட கையில குடுத்து எப்பிடி வாசிக்கச் செல்ற? எனக்கே ரெண்டு நாள் சோறு எறங்கல்ல."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நொன்லீனியர் என்ற சொல்லை நாலு வருடத்தில் ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். அதற்குள் லைன் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நானும் அந்தத் தலைப்பைத் திரும்பிப் பார்த்தேன். அப்படியும் இருக்குமோ என்று. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கேயோ வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் பத்தாம் நம்பர் லயத்துக்காரி வரக்கூடாது என்று போர்டு மாட்டுவான் என்பதை இவர் நம்பியிருக்கிறார். ஆச்சரியம்கூடப் படவில்லை, கவலைதான் பட்டிருக்கிறார். அதுதான் எனக்குச் சுட்டது.

கோபம் அழுகையாக வந்துவிட்டது. அழுதுகொண்டே கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"நானா, ரெண்டு மடங்கு மழ பேஞ்சா ரெண்டு மடங்கு கொழுந்து வருமா?"

"வராது. அழுகிப் போகும்."

"ரெண்டு மடங்கு உரம் போட்டா?"

"வேர் கருகிப் போகும்."

"ஒண்ணு கூடினா மத்ததும் கோடு கிழிச்ச மாதிரி அதே அளவுக்குக் கூடாது இல்லியா? அதுதான் நொன்லீனியர். மழ, கொழுந்து, வண்டு, எல்லாமே அப்படித்தான். அதப் படிக்கிறவங்க அனுப்புற கடிதம் இது."

"அப்ப லயத்துக்கும் இதுக்கும்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல."

நானா தாள் பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ்! நாலு கெழம! எத்தின குளோசிங் டேட்டுப் புள்ள!" தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்த மனுஷன் அப்படிக் குன்றிப்போய் நான் பார்த்ததில்லை. ஏசவும் முடியவில்லை, ஏசாமல் இருக்கவும் முடியவில்லை.

சரி, துணிக்கடைதான் என்று பையை எடுத்தேன். அப்போது அவர் கடைசித் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். முடிவுத் திகதிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன எழுத்தையெல்லாம் படிக்கிற பழக்கம் அவருக்கு மட்டும்தான் உண்டு.

"புள்ள, இதுல முப்பதாந் திகதி, எனிவெயர் ஒன் ஏர்த் எண்டு ஈக்கி. அது எந்த ஊரு?"

தூக்கிவாரிப்போட்டது. பையைக் கீழே போட்டேன். உலகத்தில் ஏதாவது ஒரு மூலையிலாவது அந்தத் திகதி மிச்சமிருக்கும்வரை ஏற்றுக்கொள்வார்கள் என்று அர்த்தம். உலகத்தில் கடைசியாக விடிகிற மூலைக்கும் நமக்கும் பதினேழரை மணி நேர வித்தியாசம். அங்கே இன்னும் நேற்று முடியவில்லை.

"நானா! இன்னைக்குப் பின்னேரம் அஞ்சரைக்குத்தான் குளோசிங்!"

அவர் எழும்பிய வேகத்தில் தாள் பெட்டி சரிந்தது. "இப்ப மணி?"

"ஒண்ணு அம்பது."

"ரெண்டு மணிக்குக் கரண்ட் கட்!"

அதை நான் மறந்தே போயிருந்தேன். அன்றைக்கு எங்கள் பகுதிக்கு இரண்டிலிருந்து ஐந்துவரை மின்சாரம் கிடையாது. பத்து நிமிடத்தில் படிவத்தைத் திறந்து, என்னென்ன கேட்கிறார்கள் என்று மட்டும் பிரிண்ட் எடுத்தோம். கடைசித் தாள் பாதி வெளியே வரும்போது மெசின் உயிரை விட்டது. பாதித் தாளை நானா கையால் இழுத்து எடுத்தார்.

விரிவுரையாளரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். நானாவின் போனில் அவரைப் பிடித்தேன். அவர் கண்டியில் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். "எத்தனை மணிக்குள்ள வேணும்?" என்று கேட்டார். சொன்னேன். "முன்னுக்கு இன்னும் நூறு வாகனம் நிக்குது தங்கச்சி. இங்க இருந்தே போன்ல எழுதி அனுப்புறேன், நீங்க உங்கட வேலயப் பாருங்க" என்றார். அந்த நாளில் பெற்றோல் வரிசையால் நன்மை அடைந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏன் இந்தப் பள்ளிக்கு வர விரும்புகிறீர்கள் என்று முந்நூறு சொல்லில் எழுத வேண்டும். கடை வாசல் படியில் வெளிச்சத்துக்கு உட்கார்ந்து, கெட்டுப்போன கொப்பித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். முதலில் பெரிய பெரிய வார்த்தையாக எழுதினேன். நானா தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு, "இதுல வண்டு எங்க?" என்றார். அடித்துவிட்டு வண்டிலிருந்து தொடங்கினேன். கொப்பி எடுக்க வந்தவர்களையெல்லாம் அவர் வாசலிலேயே நிறுத்தினார். "பொறுங்க, புள்ளைக்குக் குளோசிங் டேட்!" ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கரண்ட் இல்லாத கடையில் எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரியாமலே ஏழெட்டுப் பேர் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

ஐந்து மணி. கரண்ட் வரவில்லை. ஐந்து ஐந்து. வரவில்லை. நானா வீதிக்கு நடுவில் போய் நின்று மின்கம்பத்தை அண்ணாந்து பார்த்து ஏசினார். ஐந்து ஏழுக்கு எதிர்க் கடையில் பல்ப் எரிந்தது. "வந்திருச்சி!" என்று வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

கொம்பியூட்டர் எழும்பச் சரியாக ஆறு நிமிடம் எடுத்தது. அந்த ஆறு நிமிடத்தில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பெயர், பிறந்த திகதி, பல்கலைக்கழகம். தட்டிக்கொண்டே போனேன். அடுத்து முகவரி. கட்டத்துக்குப் பக்கத்தில் 'அட்ரஸ் லைன் வன்' என்று இருந்தது.

நானா என் தலைக்கு மேல் துள்ளினார். "பாத்தீங்களா புள்ள! இவங்க மொத மொத லைனத்தானே கேக்கிறாங்க! போடுங்க, பத்தாம் நம்பர் லைன் எண்டு போடுங்க!"

அந்த அவசரத்திலும் எனக்குச் சிரிப்பு வெடித்தது. விளக்கம் சொல்ல நேரமில்லை. ஆனால் அவர் சொன்னபடியேதான் போட்டேன். பத்தாம் நம்பர் லயம், நாலாம் காம்பரா. வேறு எந்தப் படிவத்திலும் நான் அதைத் தைரியமாக எழுதியதில்லை, தோட்டத்தின் பெயரை மட்டும் போட்டுவிட்டு நழுவிவிடுவேன்.

வந்து கிடந்த சிபாரிசுக் கடிதத்தையும் என் முந்நூறு சொல்லையும் ஏற்றிவிட்டு, ஐந்து இருபத்துநாலுக்கு அனுப்பு என்ற பட்டனை அழுத்தினேன். சக்கரம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நானா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். பச்சை எழுத்தில் 'கிடைத்தது' என்று வந்ததும், வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "போட்டாச்சி!" என்று போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்ற கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்த வாராந்தக் கடிதம் இழுப்பறைக்குள் போகவில்லை. நேரே கண்ணாடியில் ஏறியது, வர்த்தமானிக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிதாக. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு தன் பாணியில் தமிழாக்கி எழுதி ஒட்டுவார். கேயோஸ் என்றால் என்ன என்று கேட்டார். ஒழுங்கு இருக்கும், ஆனால் முன்கூட்டிச் சொல்ல முடியாத குழப்பம் என்றேன். அடுத்த நாள் கண்ணாடியில், 'ஜெர்மனியில் குழப்படி பற்றிப் படிக்க மூன்று வருடச் சம்பளத்தோடு இடம்' என்று இருந்தது. ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் வந்து, குழப்படிக்குச் சம்பளம் என்றால் தன் மகனை இன்றைக்கே அனுப்புவதாகச் சொன்னார். நானா சிரிக்கவில்லை. "பையன் ஏ எல் மெத்ஸா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றதும், உயர்தரப் பரீட்சையான ஏ எல்லுக்கு மெத்ஸ் எடுக்கச் சொல்லி அந்த ஆளிடம் அரை மணி நேரம் பேசினார்.

என்னிடம் மட்டும் கொஞ்ச நாள் பழைய மாதிரிப் பேசவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். "இன்னும் நான் கோவமா இருக்கேன்னு நெனைக்கிறீங்களா நானா?"

"கோவப்படுங்க புள்ள. எனக்கு அந்தச் சொல்லு வெளங்காதது குத்தமில்ல. ஒங்கள்ட்டக் கேக்காம நானே முடிவெடுத்தேனே, அதுதான் குத்தம்."

அப்படி நேராகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அதற்குமேல் கோபம் மிச்சமிருக்கவில்லை.

நாலு வாரம் ஓடியது. ஒரு காலை, நான் பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அம்மாவும் மற்றப் பெண்களும் மேலே எட்டாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழ் ரோட்டில் லொத்தர் டிக்கெட் விற்கிற ஆட்டோவின் மைக் சத்தம் கேட்டது. ஆனால் குரல் லொத்தர்க்காரருடையதாக இல்லை.

"பத்தாம் நம்பர் லயம், நாலாம் காம்பரா, பார்வதியம்மாட மகள் தர்ஷினி! தர்ஷினி!"

மைக்கில் ஓர் ஆளுடைய பெயரும் லய நம்பரும் வந்தால் எங்கள் தோட்டத்தில் அது மரண அறிவித்தல்தான். துணியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். மேலே பார்த்தால் அம்மா கூடையைத் தலையிலிருந்து தள்ளிவிட்டுச் செடிகளுக்குள்ளால் விழுந்து எழும்பி ஓடிவருகிறாள். பின்னாலேயே மற்றப் பெண்கள். எங்கே ஓடுகிறீர்கள் என்று கத்திக்கொண்டு, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா.

ஆட்டோவுக்குள்ளிருந்து நானா இறங்கினார். ஒரு கையில் மைக், மறு கையில் தாள். வருகிறேன் என்று மூன்று நாளைக்குள் பதில் போட வேண்டுமாம், இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். எனக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்று தெரியாமல் லொத்தர்க்காரரைக் கெஞ்சி ஆட்டோவோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இதையெல்லாம் பிறகுதான் சொன்னார். தாளை என்னிடம் நீட்டிவிட்டுத் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என்னைத் தெரிவு செய்திருந்தார்கள். பயணச் சீட்டு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து. இரண்டு தடவை வாசித்தும் நம்ப முடியவில்லை. சந்தோஷத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் ஈரக் கையால் தாளை நனைத்துவிட்டேன்.

அம்மா மூச்சு வாங்க வந்து முதலில் என்னைத் தொட்டுப் பார்த்தாள். உயிரோடுதான் நிற்கிறேன் என்று தெரிந்ததும் நானா பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு அறிவிருக்கா? மைக்கப் போட்டுப் பேரு சொன்னா நாங்க என்னான்னு நெனைக்கிறது? எனக்கு நெஞ்சு நின்னுருச்சு!"

"பிழதான் தங்கச்சி, மன்னிச்சிக்கோங்க. ஒங்கட மகளுக்கு வெளிநாட்டுல படிக்க எடம் கெடைச்சீக்கி."

"வெளிநாட்டுலயா? எத்தன நாளைக்கு?"

"ரெண்டு கெழம. அங்க நல்லாச் செஞ்சா பொறகும் படிக்கலாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். அவளுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. மாமா மூலம் துணிக்கடைக்காரருக்கு அவள்தான் வாக்குக் கொடுத்திருந்தாள், தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. பெண்களெல்லாம் எங்களைச் சுற்றி நின்றார்கள்.

"மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நானாவிடம் போனாள். "அந்த மைக்குல இன்னொருக்கா சொல்லுங்க. மொதல்ல சொன்ன மாதிரி பேர மட்டும் சொல்லி நிப்பாட்டாதீங்க, முழுசாச் சொல்லுங்க. அந்தப் பக்கத்து மலையில உள்ளவங்களுக்குக் கேக்கல."

நானா மைக்கைக் கையில் எடுத்தார். ஆட்டோவின் குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அம்மா கைகாட்டினாள்.